ஐரோப்பாவில் பத்து நாள்: சுவிட்சர்லாந்தா, இத்தாலியா, பிராக்–வியன்னா–புடாபெஸ்டா?

ஜனவரி பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். மே மாத விடுமுறையில் முதல்முறையாக ஐரோப்பா, கையில் பத்து நாள். மலை பார்க்க சுவிட்சர்லாந்து போவதா, சரித்திரம் பார்க்க இத்தாலி போவதா, இல்லை இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும் பிராக் (செக் நாடு), வியன்னா (ஆஸ்திரியா), புடாபெஸ்ட் (ஹங்கேரி) வரிசையா? கூடவே ஒரு வால்: மூன்றையும் ஒரே பயணத்தில் அடைத்துவிட முடியாதா?

வாலை முதலில் நறுக்கிவிடலாம். அடைக்க முடியும். பத்து நாளில் ஆறு ஏழு நாடு காட்டும் பேருந்துப் பயணங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றில் அதிகம் பார்ப்பது நெடுஞ்சாலையைத்தான். பத்து நாளில் போக, வர விமானத்துக்குப் போனது போக மிஞ்சுவது எட்டு நாள். அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்து, ரயிலேறி, அடுத்த ஊரில் அறைச் சாவி வாங்குவதற்குள் அரை நாள் போய்விடும். எட்டு நாளுக்கு மூன்று ஊர் என்பதே இறுக்கமான கணக்கு. ஆகவே மூன்றில் ஒன்றுதான்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

அழகை வைத்து முடிவு செய்ய முடியாது, மூன்றும் அழகுதான். நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, இருப்பதிலேயே முக்கியமானது: ஒரு நாள் கெட்டுப்போனால் என்ன மிஞ்சும்? மழை, மேகம், ரயில் வேலைநிறுத்தம், பிள்ளைக்குக் காய்ச்சல், இவற்றில் ஒன்று எட்டு நாளுக்குள் எப்படியும் வரும். அது வரும்போது கட்டிய பணமும் நாளும் சேர்ந்து போகுமா, இல்லை வேறு எதையாவது பார்த்துத் தேற்றிக்கொள்ள முடியுமா?

இரண்டாவது கால். படி எவ்வளவு, நடை எவ்வளவு, பெட்டியோடு எவ்வளவு. மூன்றாவது, விளம்பரத்தில் வராத செலவு. நான்காவது, எத்தனை நாள் முன்னாலேயே எல்லாவற்றையும் பதிவு செய்து கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| | சுவிட்சர்லாந்து | இத்தாலி (ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ்) | பிராக், வியன்னா, புடாபெஸ்ட் |
|---|---|---|---|
| ஒரு நாள் கெட்டால் | மலை நாள் என்றால் பெரிய நஷ்டம் | நேரம் குறித்த டிக்கெட் தவறினால் நஷ்டம் | பெரிதாக ஒன்றுமில்லை |
| காலுக்கு | சுலபம், ரயிலே மேலே ஏற்றிவிடும் | கடினம் | நடுத்தரம் |
| மறைந்திருக்கும் செலவு | மலை ரயில், சாப்பாடு | நுழைவுகள், நகர வரி, மேசைக் கட்டணம் | பணம் மாற்றும் இடத்தில் |
| முன்பதிவு | குறைவு | மிக அதிகம் | கொஞ்சம் |
| சரித்திரம் | இருக்கிறது, ஆனால் அதற்காகப் போவதில்லை | ஈடு கிடையாது | நிறைய |
| மே மாதம் | கீழே வசந்தம், மேலே இன்னும் பனி | இதமான வெயில், கூட்டம் | இருப்பதிலேயே நல்ல பருவம் |

## சுவிட்சர்லாந்து

சுவிட்சர்லாந்து என்றதும் நம்மவர்கள் மனத்தில் வருவது பனி. பனிக்கு யுங்ஃப்ராவ்யோக். 3,454 மீட்டர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம். 1896-இல் மலையைக் குடையத் தொடங்கி 1912-இல் முடித்தார்கள். கடைசி ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஐகர், மோங்க் என்ற இரண்டு மலைகளின் வயிற்றுக்குள்ளேயே ரயில் ஏறுகிறது. மேலே வெளியே வந்தால் ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ச் பனியாறு கண் முன்னால் விரிந்து கிடக்கும்.

மேகம் இல்லாவிட்டால். மேகம் இருந்தால் எதிரே வெள்ளைத் திரைதான். சலுகை எதுவும் இல்லாமல் மலையடிவாரத்து ஊரான இன்டர்லாகனிலிருந்து போய்வர ஆளுக்கு 200 ஃபிராங்குக்கு மேல் ஆகும். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்பதால் நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேகத்துக்காகப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். மேலே இந்தியச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, மேகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கலாம்.

இதற்கு ஒரு வழி உண்டு. எந்தத் தேதியில் மேலே போவது என்று ஊரிலேயே முடிவு செய்யாதீர்கள். இன்டர்லாகன், லவுட்டர்புரூனன் பக்கம் தொடர்ந்து மூன்று நான்கு இரவு தங்குங்கள். காலையில் எழுந்ததும் உச்சியிலுள்ள நேரலைக் கேமராவைக் கைபேசியில் பாருங்கள். வானம் நீலமாக இருந்தால் அன்றைக்கே டிக்கெட் வாங்கி ஏறுங்கள். இல்லையென்றால் பெர்ன் பழைய நகரமோ லுட்சர்னோ ஷில்லோன் கோட்டையோ போய்விட்டு வரலாம். குழுப் பயணத்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அவர்கள் அட்டவணையில் செவ்வாய்க்கிழமை யுங்ஃப்ராவ் என்றால் மழை கொட்டினாலும் செவ்வாய்க்கிழமைதான்.

'சுவிஸ் டிராவல் பாஸ்' வாங்கினால் எல்லாம் இலவசம் என்று சிலர் சொல்வார்கள். ரயில், பேருந்து, ஏரிப் படகு, ஏராளமான அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம், உண்மைதான். ஆனால் யுங்ஃப்ராவ்யோக்கின் மேல்பகுதிக்குத் தள்ளுபடி மட்டுமே, அதுவும் கால் பங்கு. டிட்லிஸ் மலைக்குப் பாதி. அதே பாஸில் முழு இலவசமாக ஏறக்கூடிய மலை ஒன்று இருக்கிறது, ரீகி. 1871-இல் ஓடத் தொடங்கிய அதன் பல்சக்கர ரயில், மலையேறும் ரயில்களில் ஐரோப்பாவிலேயே முதலாவது. உயரம் 1,800 மீட்டருக்குக் குறைவுதான், சுற்றிலும் ஏரிகள். வயதானவர்களுக்கு மூச்சு வாங்காது. பனியில் கால் வைத்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ரீகியே போதும் என்பேன்.

ஆல்ப்ஸ் மலையைக் கடந்து போகும் பெர்னினா ரயிலிலும் இப்படி ஒரு நுணுக்கம். பெரிய கண்ணாடி வைத்த 'எக்ஸ்பிரஸ்' பெட்டிக்கு இருக்கைப் பதிவுக் கட்டணம் தனி, பாஸ் இருந்தாலும் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்குப் பதிவு தேவையில்லை, ஜன்னலையும் திறக்கலாம். கண்ணாடியில் சொந்த முகம் தெரியாமல் புகைப்படம் எடுக்க அதுதான் வசதி.

மே மாதத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபுர்கா, கிரிம்சல் போன்ற உயரமான கணவாய்ச் சாலைகள் பெரும்பாலும் ஜூன் வாக்கில்தான் திறக்கும். வசந்தத்தில் சில கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருப்பார்கள். உயரத்து நடைபாதைகளில் பனி கிடக்கும். பதிலுக்கு, பனி உருகும் காலமாதலால் லவுட்டர்புரூனன் பள்ளத்தாக்கில் அருவிகள் நிறைந்து விழும். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவ்பாக் அருவியை ஊர்த் தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்க்கலாம், பைசா செலவில்லை.

சரித்திரம்? லுட்சர்னின் மரப்பாலம் 14-ஆம் நூற்றாண்டினது என்று சொல்வார்கள். 1993-இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்து, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டியது. பார்க்க அழகுதான். இருந்தாலும் ரோமைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மாலை நடை, அவ்வளவே.

ஒரு நல்ல செய்தி: பெற்றோர் பாஸ் வைத்திருந்தால், இலவசக் குடும்ப அட்டையோடு 6 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பயணம் இலவசம். மிக்ரோ, கோப் பல்பொருள் கடைகளில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி, அடுப்படி உள்ள அறையில் தங்கினால் சாப்பாட்டுச் செலவும் பாதியாகும். தெருக் குழாய் நீரையே குடிக்கலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு சுவிட்சர்லாந்து பயமுறுத்தும் அளவுக்குச் செலவு வைப்பதில்லை. உணவகத்தில் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் பயம்.

## இத்தாலி

இத்தாலியில் பார்ப்பதற்குப் பஞ்சமே இல்லை. நாளும் கிழமையும் ஒத்துவருவதில்தான் சிக்கல். வாத்திக்கன் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அன்றைக்கு வரிசையைச் சொல்லி முடியாது. ஃபுளோரன்ஸில் உஃபிட்ஸி ஓவியக் கூடமும், தாவீது சிலை இருக்கும் அக்கடேமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு ரோம், திங்கள் ஃபுளோரன்ஸ் என்று திட்டம் போட்டவர்களுக்கு இரண்டும் போச்சு. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய நாடு இது.

கொலோசியத்துக்குப் பெயரும் நேரமும் போட்ட டிக்கெட். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே அதில் இருக்க வேண்டும். கிடைக்காமல் போனால் இடைத்தரகர்கள் 'வரிசை இல்லாமல் நுழைவு' என்று இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையில் அவர்கள் அழைத்துவந்தவர்களும் நின்றுதான் ஆக வேண்டும். ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏற 463 படி, மின்தூக்கி கிடையாது, அதற்கும் நேரம் குறித்த டிக்கெட். காய்ச்சல் வந்து ஒரு நாள் படுத்தால் இந்த டிக்கெட்டுகள் எல்லாம் வெறும் காகிதம்.

மழை வந்தால் மட்டும் கவலையில்லை. ரோமில் உள்ள பழைய கோயிலான பாந்தியனுக்குப் போங்கள். ஏறத்தாழ 1,900 ஆண்டு முன்பு கட்டியது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் 43 மீட்டர் அகலக் குவிமாடம், அந்த வகையில் இன்றுவரை உலகிலேயே பெரியது. உச்சியில் மூடாத ஒரு வட்டத் துளை. மழை அதன் வழியாக நேரே கூடத்துக்குள் விழுகிறது. நடுத் தரையை லேசாக மேடாக்கி, சலவைக்கல்லில் சிறு சிறு துளைகள் போட்டு நீரை வடிய விட்டிருக்கிறார்கள். வெயில் நாளில் வந்தவர்கள் யாரும் குனிந்து அந்தத் துளைகளைக் கவனிப்பதில்லை.

நம்மவர்களுக்கென்று இத்தாலியில் ஒரு தனிக் காரணமும் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது பளபளப்பான செந்நிற ரோமானியப் பானையோடுகள் கிடைத்தன. அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க அவருக்குப் பிடி கொடுத்தவை அவைதான். அந்த வகைப் பானைக்குப் பெயர் தந்த ஊர் அரெட்ஸோ, ஃபுளோரன்ஸிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம். பழைய ரோமானிய அரங்கம் ஒன்றை ஒட்டியிருக்கும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் அலமாரி அலமாரியாக அதே செந்நிறக் கலங்கள். ஃபுளோரன்ஸ் கூட்டம் சலித்துப்போன ஒரு நாளை இதற்குக் கொடுக்கலாம். வரிசை கிடையாது.

வெனிஸ் வேறு கதை. 400-க்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படி வைத்தவை. நான்கு பெரிய பெட்டிகளோடு போய் விடுதியைத் தேடினால் கணவன் மனைவிக்குள் சண்டை நிச்சயம். படகுப் பேருந்தில் ஒரு முறை ஏற 9.50 யூரோ. தங்காமல் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஒரு இரவு தங்குவதே மேல். பகல் கூட்டம் கிளம்பிப் போன பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அது ஊர் மாதிரி இருக்கும்.

மற்ற சில்லறைகள்: உணவகத்தில் உட்கார்ந்தாலே தலைக்கு ஒரு மேசைக் கட்டணம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. விடுதியில் ஒவ்வொரு இரவுக்கும் நகர வரி, பதிவு செய்யும்போது காட்டிய தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. வாடகைக் கார் எடுத்துப் பழைய நகரத்துக்குள் தெரியாமல் நுழைந்தால் கேமரா பிடித்துவிடும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வரும். ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி உண்டு. வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்று விதி இருப்பதால் தப்பிக்கலாம். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இது நமக்குச் சிரமமில்லை.

சைவர்களுக்குச் சாப்பாட்டில் மூன்றிலும் இத்தாலிதான் சுலபம். ஒரே எச்சரிக்கை: பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. கண்டிப்பான சைவர்கள் 'மரினாரா' பீட்சா கேட்கலாம், அதில் பாலாடைக்கட்டியே இல்லை.

## பிராக், வியன்னா, புடாபெஸ்ட்

இங்கே சொல்வதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. அதுவே இதன் பலம். எதுவும் பெரிதாகத் தவறாது.

பிராக்கிலிருந்து வியன்னா ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால். முன்னதாக எடுத்தால் டிக்கெட் மலிவு. மழை வந்தால் வியன்னாவில் அரண்மனைக்குள்ளோ, கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியம் இருக்கும் பெல்வெடேருக்குள்ளோ போய்விடலாம். புடாபெஸ்டில் மழை இன்னும் விசேஷம். 1913-இல் திறந்த செச்செனி வெந்நீர்க் குளத்தில், மேலே தூறல், கழுத்து வரை சுடுநீர், பக்கத்தில் தண்ணீருக்குள் நின்றபடியே சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள். மூன்று பயணத்திலும் காய்ச்சல் விட்டு எழுந்தவரைக்கூடக் கூட்டிப் போகலாம் என்று தோன்றும் ஒரே இடம் அது.

சரித்திரமும் மெலிந்ததல்ல. பிராக்கின் சார்லஸ் பாலத்துக்கு அடிக்கல் 1357-இல். நகர மண்டபத்து வானியல் கடிகாரம் 1410 முதல் இருக்கிறது. புடா, பெஸ்ட் என்று ஆற்றின் இரு கரையிலும் தனித்தனியாக இருந்த ஊர்களை, ஓபுடாவோடு சேர்த்து 1873-இல் ஒன்றாக்கினார்கள். 1896-இல் ஓடத் தொடங்கிய அதன் சுரங்க ரயில் இன்றும் ஓடுகிறது, மஞ்சள் நிறத்தில், பொம்மை ரயில் அளவில். இயற்கை வேண்டுமென்றால் வியன்னாவிலிருந்து ஒரு நாள் வாக்காவ் பள்ளத்தாக்கு: மெல்க் மடாலயம் பார்த்துவிட்டு, டான்யூப் ஆற்றில் படகில் கிரெம்ஸ் வரை, இரு கரையிலும் திராட்சைத் தோட்டங்களும் இடிந்த கோட்டைகளும். பனிமலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஹால்ஷ்டாட் ஏரிக்கரைப் படத்தைப் பார்த்து மயங்கி வியன்னாவிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைக்கிறவர்கள், ரயிலிலேயே ஏழு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

செலவு ஒளிந்திருப்பது பணம் மாற்றுவதில். ஆஸ்திரியாவில் யூரோ, செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட். பிராக்கின் சுற்றுலாத் தெருக்களில் 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்த கடைகளில் விகிதமே கமிஷனை விழுங்கியிருக்கும். ஏமாந்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்ப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம், 2019 முதல் அங்கே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஏடிஎம்மில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பேருந்து, டிராம் டிக்கெட்டைக் கருவியில் முத்திரை குத்தாமல் ஏறினால் அபராதம். புடாபெஸ்ட் நாடாளுமன்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களைவிட நமக்குக் கட்டணம் அதிகம். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள். வியன்னா ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு, ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஓபராவே கிடையாது.

சாப்பாடுதான் இங்கே பலவீனம். காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் இறைச்சி வடிசாறு கலந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பிராக்கில் பொரித்த பாலாடைக்கட்டி, புடாபெஸ்டில் பூரி மாதிரி பொரித்த லாங்கோஷ், இவற்றை வைத்து ஓட்டலாம். மூன்று ஊரிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

## சரி, யாருக்கு எது?

அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு போகிறவர்கள் இத்தாலியை ஒதுக்கிவிடுங்கள். கல் பாவிய தெருவில் நாளெல்லாம் நடை, அப்புறம் படி. நடக்கவே முடியாதவர் என்றால் சுவிட்சர்லாந்து: ரயில் நிலையம், படகு, கேபிள் கார், எல்லாம் வாசலுக்கு வாசல். நடக்க முடியும், ஆனால் மெதுவாக என்றால் வியன்னா வரிசை.

பள்ளிப் பிள்ளைகளோடு, அறையில் சமைத்துச் சாப்பிடத் தயார் என்றால் சுவிட்சர்லாந்து. பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம் மூன்றாவது நாளில் சலித்துவிடும், ரயில் சலிக்காது.

கோயில், கல்வெட்டு, அகழாய்வு என்று அலைகிற குணம் உள்ளவர், இருவராகவோ தனியாகவோ போகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், இத்தாலி. வெனிஸை விட்டுவிட்டு ரோமுக்கு ஐந்து நாள் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், சித்திரை வெயில்தான் அங்கேயும்.

முதல் பயணம், பட்ஜெட் இறுக்கம், வீட்டில் ஆளுக்கொரு ரசனை, திட்டம் போட நேரமும் இல்லை என்றால் பிராக், வியன்னா, புடாபெஸ்ட். என்னைக் கேட்கிறவர்களில் பாதிப் பேரை இங்கேதான் அனுப்புகிறேன். அவர்கள் மனத்தில் இருந்தது சுவிட்சர்லாந்து என்பதால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள்.

## முடிவு செய்த பிறகு விசா

மூன்று தேர்வுக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. லண்டனையும் சேர்க்க நினைத்தால் அதற்குத் தனி விசா. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் தேதி தேடாதீர்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். சுவிட்சர்லாந்து, இத்தாலிக்கு இதில் குழப்பமில்லை. மூன்று நாட்டு வரிசைக்கு வியன்னாவில் ஓர் இரவு கூடுதலாகப் போட்டு ஆஸ்திரியாவிடம் விண்ணப்பியுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறைப்படி, முதல்முறை நுழையும்போது புகைப்படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். ஆகவே முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் இடைவெளி விட்டிருக்கும் டிக்கெட், எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.